ஐம்பது ஆண்டுகள் ஒரே பிரதமர்: பஹ்ரைன் எங்களுக்குச் சொல்வது என்ன?

உலகத்திலேயே மிக நீண்ட காலம் பிரதமராக இருந்தவர் யார்? பொது அறிவுப் போட்டியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எங்கட ஆக்களில் பலர் லீ குவான் யூ என்று சொல்வார்கள். சிலர் மகாதீர் என்பார்கள். இரண்டுமே பிழை.

சரியான விடை, பஹ்ரைன் நாட்டின் ஷேக் கலீஃபா பின் சல்மான் அல் கலீஃபா. 1970ஆம் ஆண்டு, நாடு இன்னும் பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தபோதே, அரச சபையின் தலைவராக அமர்ந்தார். 1971இல் நாடு சுதந்திரம் பெற்றதும் அதே கதிரைக்குப் பிரதமர் பதவி என்று பெயர் வந்தது. 2020 நவம்பர் 11ஆம் திகதி அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனையில் 84 வயதில் காலமாகும் வரை அந்தக் கதிரையில் வேறு யாரும் அமரவில்லை. அரை நூற்றாண்டு. இத்தனை காலத்தில் அவர் ஒரு தேர்தலிலேனும் நின்றதில்லை. ஒரு வாக்கேனும் கேட்டதில்லை.

இந்த மனிதரைப் பற்றி இப்போது ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வளைகுடா நாடுகளைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் எங்கள் மத்தியில் ஒரு கருத்து தவறாமல் வரும். "அங்க பாருங்கோ, தேர்தல் கூத்து இல்லை, கட்சிச் சண்டை இல்லை. ஒரே ஆள், ஒரே ஆட்சி. ரோட்டு, பாலம், வங்கி எல்லாம் வந்திட்டுது. எங்களுக்கும் இப்பிடி ஒருத்தர் கிடைச்சிருந்தால்..." கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம், யூடியூப் காணொளிகளுக்குக் கீழேயும் வாசிக்கலாம்.

"ஒரே ஆள், நீண்ட ஆட்சி" என்பது நல்லதா என்று பரிசோதித்துப் பார்க்க, ஷேக் கலீஃபாவை விடப் பொருத்தமான உதாரணம் உலகத்தில் இல்லை. அந்தப் பரிசோதனையை நேர்மையாகச் செய்து பார்ப்போம்.

சின்ன நாடு, பெரிய கணக்கு

பஹ்ரைன் யாழ். மாவட்டத்தை விடவும் சிறிய தீவு நாடு. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1932இல். ஆனால் அயல் நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த எண்ணெய் கொஞ்சம்தான். ஆளும் அல் கலீஃபா குடும்பம் சுன்னி முஸ்லிம்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவர்கள்தான் ஆட்சியில். குடிமக்களில் பெரும்பான்மையினர் ஷியா முஸ்லிம்கள். நாட்டின் அரசியலில் பாதி இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது.

பிரித்தானியா வெளியேறத் தயாரானபோது ஈரான் இந்தத் தீவு தனக்குச் சொந்தம் என்று உரிமை கோரியது. 1970இல் ஐ.நா. ஒரு தூதுக்குழுவை அனுப்பி மக்களின் விருப்பத்தைக் கேட்டது. ஷியாக்களும் சுன்னிகளும் சேர்ந்து, சுதந்திர அரபு நாடாக இருக்கவே விரும்புகிறோம் என்றார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை அதை ஏற்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அண்ணன் ஷேக் ஈசா அமீர், தம்பி ஷேக் கலீஃபா பிரதமர். அமீர் மக்களைச் சந்திப்பார், சிரிப்பார், விருந்து கொடுப்பார். நிர்வாகம், காசு, பொலிஸ் எல்லாம் தம்பியின் மேசைக்குப் போகும். 1999 வரை இந்த ஏற்பாடு நடந்தது.

அவர் செய்தவற்றை மறைக்கக்கூடாது. அல்பா அலுமினிய உருக்காலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1973இல் நாணய நிறுவனம் அமைக்கப்பட்டது. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பெய்ரூட்டை விட்டு ஓட இடம் தேடிய வங்கிகளுக்கு மனாமா கதவைத் திறந்து வைத்தது. வெளிநாட்டு வங்கிகளுக்குத் தனி உரிமம் கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் வளைகுடாவின் நிதி மையமாக மாறியது. துபாய்க்கு அந்தப் பெயர் வருவதற்கு எவ்வளவோ காலம் முந்தி நடந்த கதை இது. 1986இல் சவூதியின் செலவில் 25 கிலோமீற்றர் நீளமான மன்னர் ஃபஹ்த் கடற்பாலம் திறக்கப்பட்டது. எண்ணெய் வற்றும் என்று முதலே கணக்குப் போட்டு வேறு வழி தேடிய முதல் வளைகுடா நாடு பஹ்ரைன். அந்தக் கணக்கில் ஷேக் கலீஃபாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடமைப்புக்காக 2006இல் ஐ.நா. ஹபிடாட் அமைப்பும் அவரைக் கௌரவித்தது.

ஆக, கட்டினார் என்பது உண்மை. ஆனால் கட்டிடத்தோடு சேர்த்து வேறொன்றையும் கட்டினார்.

இரண்டு வருடம் உயிர்வாழ்ந்த நாடாளுமன்றம்

1973இல் பஹ்ரைனுக்கு ஓர் அரசியலமைப்பு வந்தது. அந்த டிசம்பரில் தேர்தலும் நடந்தது. 30 உறுப்பினர்களை மக்கள் தெரிவு செய்தார்கள். ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு என்பது குறைதான். என்றாலும் அன்றைய வளைகுடாவில் குவைத்தைத் தவிர வேறெங்கும் காணாத ஒரு முயற்சி. இடதுசாரிகள், மதவாதிகள், சுயேச்சைகள் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

1974இல் அரசு ஒரு பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒருவரை வழக்கு விசாரணை எதுவுமின்றி மூன்று ஆண்டுகள் வரை தடுத்து வைக்கலாம். சபை இதை ஏற்க மறுத்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத குழுக்கள் எல்லாம் இந்த ஒரு விடயத்தில் ஒன்றாக நின்றன.

1975 ஆகஸ்ட்டில் அமீர் சபையைக் கலைத்தார். இரண்டு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடக்க வேண்டும் என்றது அரசியலமைப்பு. அந்த விதியையே இடைநிறுத்தினார்கள். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2002இல்தான் நடந்தது. இடையில் 27 வருடங்கள் நாடாளுமன்றம் இல்லை. பாதுகாப்புச் சட்டம் மட்டும் இருந்தது. பிரதமரும் இருந்தார்.

விசாரணையில்லாத தடுப்பு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 18 மாதங்கள் வரை அப்படி அடைத்து வைக்க இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தால் எத்தனை குடும்பங்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் வந்து சேர்ந்தன என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பஹ்ரைன் சட்டம் அதைப்போல இரண்டு மடங்கு.

அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பிரித்தானியர். பெயர் இயன் ஹென்டர்சன். கென்யாவில் மாவ் மாவ் எழுச்சியை அடக்கியதில் பேர் எடுத்த பொலிஸ் அதிகாரி. 1966இல் பஹ்ரைனுக்கு வந்து, 1998 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கைதிகள் சித்திரவதை செய்யப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் அவர் காலம் முழுவதும் குற்றம்சாட்டின. அவர் மறுத்தார். பிரித்தானியாவில் விசாரணை தொடங்கியும் வழக்கு ஏதும் நடக்கவில்லை.

1994இல் மக்கள் கேட்டது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 1973 அரசியலமைப்பையும் கலைத்த சபையையும் திருப்பித் தாருங்கள் என்று பல்லாயிரம் பேர் ஒரு மனுவில் கையெழுத்து வைத்தார்கள். ஷியா, சுன்னி, இடதுசாரி, பெண்கள் எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருந்தது. பதிலாகக் கிடைத்தது கைதும் நாடுகடத்தலும். தெருவில் கலவரம் வெடித்து ஐந்து வருடம் நீண்டது. சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள்.

பியூஸ் போகாத வீடு

இந்த இடத்தில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அரபு மன்னராட்சிகளில் பிரதமர் என்ற பதவி எதற்காக இருக்கிறது?

எங்கட வீடுகளில் இருக்கிற பியூஸை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் அளவுக்கு மிஞ்சி வந்தால் பியூஸ் எரிந்துபோகும், வீடு தப்பும். பெரும்பாலான அரபு மன்னர்களுக்குப் பிரதமர் அப்படி ஒரு பியூஸ். விலைவாசி ஏறினால், மக்கள் தெருவுக்கு வந்தால், மன்னர் பிரதமரை வீட்டுக்கு அனுப்புவார். கோபம் அவரோடு போய்விடும். மன்னர் மக்கள் பக்கம் நிற்பது போலத் தோன்றும்.

ஜோர்தானைப் பாருங்கள். 2011 தொடக்கத்தில் அரபு எழுச்சி பரவியதும், பெப்ரவரி 1ஆம் திகதியே மன்னர் அப்துல்லா பிரதமர் சமீர் ரிஃபாயை நீக்கினார். அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் மேலும் மூன்று பேர் வந்து போய், அப்துல்லா என்சூர் வந்து சேர்ந்தார். 2018இல் வருமான வரி மசோதாவுக்கு எதிராக அம்மான் தெருக்கள் நிறைந்தபோது ஹானி முல்கி பதவி விலகினார். குவைத்தில் 2011 நவம்பரில் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த சில நாட்களில், அமீரின் சகோதரர் மகனான பிரதமர் ஷேக் நாசர் அல் முகமது விலகினார். ஆளும் குடும்பத்தவர் என்பதற்காக அவர் தப்பவில்லை. மொரோக்கோ மன்னர் இன்னும் கெட்டிக்காரர். 2011இல் அரசியலமைப்பையே திருத்தி, தேர்தலில் முதலிடம் பெறும் கட்சியிலிருந்துதான் பிரதமரை நியமிப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். அப்தெலிலா பென்கிரான் அப்படித்தான் பிரதமரானார். 2016இலும் அவருடைய கட்சியே முதலிடம் பெற்றது. ஆனால் ஐந்து மாதமாகக் கூட்டணி அமைக்க முடியவில்லை என்று சொல்லி, 2017 மார்ச்சில் மன்னர் அவரை விலக்கி அதே கட்சியில் வேறொருவரை நியமித்தார்.

இதெல்லாம் ஜனநாயகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜோர்தானியர்களே இதைப் பார்த்து, ஆள் மாறுது, கொள்கை மாறேல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் பியூஸ் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. குறைந்தபட்சம், மக்களின் கோபத்துக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது.

பஹ்ரைனில் அந்த பியூஸை வீட்டுச் சுவரோடு வைத்துச் சீமெந்து பூசிவிட்டார்கள். அங்கே பிரதமர் மன்னரின் ஊழியர் இல்லை. முதலில் அமீரின் தம்பி, பிறகு மன்னரின் சித்தப்பா. குடும்பத்தின் மூத்தவர். வணிகர்களோடும் பழங்குடித் தலைவர்களோடும் பல பத்தாண்டு உறவு வைத்திருந்தவர். அமைச்சுகளில் யார் இருப்பது என்று தீர்மானித்தவர். அவரை நீக்குவது என்றால் குடும்பத்தையே இரண்டாகப் பிளப்பது. எனவே யாரும் நீக்கவில்லை.

தவறவிட்ட கதவு: 2001

1999 மார்ச்சில் ஷேக் ஈசா காலமானார். மகன் ஹமாத் ஆட்சிக்கு வந்தார். கைதிகளை விடுதலை செய்தார், நாடுகடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார், அந்தப் பாதுகாப்புச் சட்டத்தை ஒழித்தார். 2001 பெப்ரவரியில் தேசிய செயற்பாட்டுச் சாசனத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் 98.4 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். பெண்களும் வாக்களித்தார்கள். ஷியா ஊர்களில் மன்னரின் காரைத் தோளில் தூக்காத குறையாக மக்கள் வரவேற்றார்கள் என்பது அந்த நாட்களின் செய்தி.

ஆனால் 2002இல் வந்த புதிய அரசியலமைப்பில், தெரிவு செய்யப்பட்ட 40 பேருக்குச் சமமாக மன்னர் நியமிக்கும் 40 பேர் கொண்ட மேல்சபை ஒன்றும் வந்தது. பழைய அதிகாரிகளின் சித்திரவதைக் குற்றங்களுக்கும் பொதுமன்னிப்பு வழங்கும் ஆணை வந்தது. பிரதமரும் அதே ஆள்.

சிந்தித்துப் பாருங்கள். பழையதை மறப்போம், புதிதாகத் தொடங்குவோம் என்று சொல்லும் ஓர் அரசு, பழையதின் முகத்தையே தலைமையில் வைத்திருந்தால் யார் நம்புவார்கள்? அப்போது அவருக்கு 66 வயது. 30 வருட சேவைக்கு நன்றி சொல்லி, மரியாதையோடு ஓய்வு கொடுத்திருக்கலாம். அவருக்கும் நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். நாட்டை வங்கி மையமாக்கிய மனிதர் என்ற பெயரோடு வரலாற்றில் போயிருப்பார்.

ஒரு தினார்த் தாள்

2011 பெப்ரவரி 14, சாசன வாக்கெடுப்பின் பத்தாவது ஆண்டு நிறைவு. மக்கள் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடினார்கள். தொடக்கத்தில் பெரும்பாலானோர் மன்னராட்சியை ஒழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டவற்றில் முதன்மையான ஒன்று, பிரதமர் போகவேண்டும் என்பது. நாடாளுமன்றத்தில் 40இல் 18 ஆசனம் வைத்திருந்த அல் விஃபாக் கட்சியும் தெரிவு செய்யப்பட்ட அரசையே கேட்டது.

மார்ச்சில் போராட்டக்காரர்கள் பஹ்ரைன் நிதித் துறைமுகம் என்ற பளபளப்பான கோபுரத் தொகுதிக்கு முன்னால் போய் நின்றார்கள். கைகளில் ஒரு தினார்த் தாள். அந்த நிலத்தைப் பிரதமர் ஒரு தினாருக்கு வாங்கினார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை, விசாரிக்கப்படவும் இல்லை. விசாரிக்கக்கூடிய நிறுவனம் ஒன்று இருந்திருந்தால், மக்கள் காசுத் தாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டி வந்திருக்காது.

பட்டத்து இளவரசர் சல்மான் பேச்சுவார்த்தைக்கு முயன்றார். மார்ச் 13ஆம் திகதி ஏழு அம்சங்களை முன்வைத்தார். முழு அதிகாரமுள்ள நாடாளுமன்றமும் மக்கள் விருப்பத்தைப் பிரதிபலிக்கும் அரசும் அதில் இருந்தன. எதிரணிக்குள் இருந்த கடும்போக்காளர்களும் முழுக் குடியரசு கேட்டு நிலைமையைச் சிக்கலாக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையிலேயே சவூதிப் படைகள் கடற்பாலத்தைக் கடந்து வந்தன. எமிரேட்ஸ் பொலிசாரும் வந்தார்கள். 15ஆம் திகதி அவசரநிலை. 18ஆம் திகதி முத்துச் சதுக்கத்தின் நினைவுத் தூபியை அரசு இடித்துத் தள்ளியது. இடிக்கும்போது சீமெந்துத் துண்டு விழுந்து பாரந்தூக்கி ஓட்டிய தொழிலாளி ஒருவர் இறந்தார். அவர் ஒரு புலம்பெயர் தொழிலாளி. யாருடைய சண்டையோ, யாருடைய தூபியோ, போனது அவருடைய உயிர்.

மன்னரே நியமித்த பசியூனி ஆணைக்குழு அந்த நவம்பரில் அறிக்கை தந்தது. 35 மரணங்கள். அதில் ஐந்து பேர் தடுப்புக் காவலில் சித்திரவதையால் இறந்தவர்கள். காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டிய மருத்துவர்கள் கைது செய்யப்பட்டதும், தெற்காசியத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளன. போராட்டத்தின் பின்னால் ஈரான் இருந்தது என்பதற்கு அரசு காட்டிய ஆதாரம் போதாது என்றும் ஆணைக்குழு சொன்னது. 1970இல் ஈரான் வேண்டாம் என்று ஐ.நா.விடம் சொன்ன அதே மக்களைத்தான், 40 வருடம் கழித்து ஈரானின் கைக்கூலி என்றார்கள்.

தெற்காசியத் தொழிலாளர்கள் ஏன் தாக்கப்பட்டார்கள்? பஹ்ரைன் தன் பாதுகாப்புப் படைகளுக்குப் பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து ஆட்களை எடுத்து வந்திருக்கிறது. சொந்த மக்களில் பெரும்பான்மையை நம்பாத அரசு, வெளியிலிருந்து துப்பாக்கி தூக்க ஆள் தேடியது. அந்தக் கோபம், துப்பாக்கியோடு ஒரு சம்பந்தமும் இல்லாத மேசன்மாரிலும் கடைச் சிப்பந்திகளிலும் விடிந்தது. பஹ்ரைனில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள். எங்கட ஊர்களிலிருந்து போன சாரதிகள், வீட்டுப் பணிப்பெண்கள், கட்டிடத் தொழிலாளர்கள் அதில் நிறையப் பேர். அங்கே நிலைத்த ஆட்சி என்று நாங்கள் இங்கேயிருந்து பாராட்டும்போது, அது ஆடினால் முதல் அடி யாரில் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு நடந்தும் பிரதமர் போகவில்லை. 2013இல் இளவரசர் சல்மானை முதலாவது துணைப் பிரதமராக நியமித்தார்கள். அதே ஆண்டு, மருத்துவர்களைச் சித்திரவதை செய்த வழக்கில் விடுதலையான ஓர் அதிகாரியைப் பிரதமர் நேரில் சந்தித்து, இந்தச் சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது என்ற பொருளில் பேசும் காணொளி வெளியானது. 2016இல் அல் விஃபாக் கட்சி நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. அதன் தலைவர் அலி சல்மானுக்கு 2018இல் ஆயுள்தண்டனை.

முடிவில் அவருக்கே நடந்தது

2019 மே மாதம், கட்டாருடன் பஹ்ரைன் உறவைத் துண்டித்திருந்த காலம். ரமழான் வாழ்த்துச் சொல்ல ஷேக் கலீஃபா கட்டார் அமீருக்குத் தொலைபேசி எடுத்தார். உடனே பஹ்ரைன் அரசு ஓர் அறிக்கை விட்டது. இந்த அழைப்பு நாட்டின் உத்தியோகபூர்வ நிலைப்பாடு இல்லையாம்! அரசின் தலைவர் எடுத்த தொலைபேசி அழைப்பு அரசின் நிலைப்பாடு இல்லை என்று அதே அரசு சொல்கிறது.

வாசிக்கச் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் ஒரு சோகமும் இருக்கிறது. யாராலும் நீக்க முடியாத கதிரை என்பது, அதில் இருப்பவருக்கும் இறங்க வழி இல்லாத கதிரை. அதிகாரம் மெல்ல மெல்ல இளவரசரின் பக்கம் நகர்ந்துவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது.

அவர் இறந்த அதே நாள் இளவரசர் சல்மான் பிரதமராக நியமிக்கப்பட்டார். சீர்திருத்த மனம் கொண்டவர் என்று பெயர் எடுத்தவர். நல்லது நடந்தால் சந்தோசம். ஆனால் முறை மாறவில்லை. இன்றைய பிரதமர் மன்னரின் மகன், நாளைய மன்னர். சித்தப்பாவை நீக்க முடியாமல் தவித்த நாடு, இப்போது முடிக்குரியவரையே பிரதமராக வைத்திருக்கிறது. சுவரோடு சீமெந்து பூசிய பியூஸுக்கு இன்னொரு பூச்சு.

"ஆனால் நாடு முன்னேறியதே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிக்க முடியாது. முன்னேறியது உண்மைதான். ஆனால் எப்போது முன்னேறியது என்று பாருங்கள். வங்கிகள் வந்ததும் பாலம் திறந்ததும் அவருடைய முதல் 16 வருடங்களில். மிச்ச 34 வருடங்களில், நாட்டைத் திறந்துவிடக் கிடைத்த ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அவருடைய இருப்பே தடையாக நின்றது. துபாயும் தோகாவும் முந்திக்கொண்டு போயின. 2018இல் பஹ்ரைன் கடன் சுமையைச் சமாளிக்கச் சவூதி, எமிரேட்ஸ், குவைத் மூன்றும் சேர்ந்து 1,000 கோடி டொலர் உதவி தரவேண்டி வந்தது. 1970இல் ஒரு நாட்டுக்குப் பொருத்தமாக இருந்த மனிதர் 2010இலும் பொருத்தமாக இருப்பார் என்று யார் சொன்னது? அதைச் சோதிக்கத்தான் தேர்தல் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

லீ குவான் யூவை இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் 31 வருடம் பிரதமராக இருந்தார். எதிர்க்கட்சிகளை நெருக்கினார், விசாரணையில்லாமல் அடைத்தார் என்ற குற்றச்சாட்டுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் தன் தொகுதியில் நின்றார், 1990இல் உயிரோடு இருக்கும்போதே கதிரையை இன்னொருவரிடம் கொடுத்தார். அந்த இரண்டும் பஹ்ரைனில் நடக்கவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பாதுகாத்தவர்களில் நாங்கள் குடியேறிய நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தலைமையகம் பஹ்ரைனில்தான் இருக்கிறது. பிரித்தானியா 2018இல் அங்கே தன் கடற்படைத் தளத்தைத் திறந்தது. தளம் வேண்டும் என்பதால் லண்டனும் வொஷிங்டனும் கவலை தெரிவித்துவிட்டுக் கப்பலை நிறுத்தின. எங்கட பிரச்சினையில் "ஆழ்ந்த கவலை" அறிக்கைகளை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்! அந்தச் சொல்லின் எடை எவ்வளவு என்று மற்றவர்களை விட எங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஈழத்தைப் பற்றி எழுதுகிறார்கள். பஹ்ரைன் சிறையில் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால், எங்கள் நியாயம் இன்னும் வலுப்படுமே தவிரக் குறையாது.

ஆகவே அடுத்த முறை யாராவது "ஒரே ஆள், ஒரே ஆட்சி" என்று தொடங்கினால், வாக்குவாதம் வேண்டாம். ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: அந்த ஆள் பிழை விட்டால், ஒருவரும் சாகாமல் அவரை வீட்டுக்கு அனுப்ப அங்கே வழி இருக்கிறதா? ரோட்டும் பாலமும் எத்தனை என்று பிறகு எண்ணலாம். பஹ்ரைனில் ஐம்பது வருடமாக அந்த வழி இருக்கவில்லை. ஷேக் கலீஃபா கடைசியில் போனது மயோ கிளினிக்கிலிருந்து. அவர் போகவேண்டும் என்று 2011இல் கேட்டவர்களில் பலர், அந்தச் செய்தியைச் சிறையில் இருந்தும் அகதியாக வேறு நாடுகளில் இருந்தும்தான் கேட்டார்கள்.